மூன்று சுரம் நொண்டியது, நான்கு சுரம் நடந்தது

மூன்று வாரமாக என்னை ஆட்டிவைத்த ஆர்பெஜியோ (ஒரு கட்டையை அழுத்தினால் கூட்டுச் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும் கணினி வசதி) நேற்றிரவு ஒருவழியாகத் தாளத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை உண்டு. ஆர்மோனியம் வாசித்தவர் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். “ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் டொய்ங் டொய்ங் என்கிறாயே, அதையே கோயிலுக்கு வாசிக்கச் சொல்” என்றார் அத்தை. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பஜனையில் முன்பாட்டு அவருடையது. நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி. அவர் சொல்லை மீற முடியாது.

மோகனத்தில் ஒரு பாட்டு. ஆதி தாளம், வேகம் நிமிடத்துக்கு 80 அட்சரம். இசை அமைக்கும் மென்பொருள் எல்.எம்.எம்.எஸ்., இலவசம். திறந்தவுடன் 140 வேகத்தில் நிற்கும். அதை இறக்க மறந்து முதல் நாள் அத்தையை ஓடவிட்டது தனிக்கதை.

முதல் சறுக்கல் ராகத்தில். ஆர்பெஜியோ பெட்டியில் மேஜர் என்ற கார்டை (சுரக் கூட்டை)த் தேர்ந்தெடுத்து, ச, ரி, க என்று ஒற்றை விரலால் அழுத்திப் பதிவு செய்தேன். கூடத்தில் நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, கல்யாணி வாடை அடிக்கிறதே?” அடிக்கத்தான் செய்யும். ரிஷபத்தை அழுத்தினால் மேஜர் கொடுப்பது ரி, பிரதி மத்திமம், தைவதம். மோகனத்தில் மத்திமமே கிடையாது. காந்தாரத்தை அழுத்தினால் இன்னும் மோசம், சுத்த தைவதமும் காகலி நிஷாதமும் சேர்ந்து வரும். பெட்டிக்கு இடைவெளிதான் தெரியும், ராகம் தெரியாது.

மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் மூன்று சுர மேஜரும் மைனரும் ஒவ்வொன்றுதான் அமைகின்றன: சட்ஜத்தில் மேஜர், தைவதத்தில் மைனர். ரிஷபத்துக்கு சஸ் 4 என்ற கார்டைப் போட்டால் ரி, ப, த என்று உள்ளேயே நிற்கிறது. கார்டு தேர்வு தடத்துக்கு ஒன்றுதான் என்பதால் ஒரே வாத்தியத்தை மூன்று தடமாக நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கார்டை வைத்தேன். ராகம் சரியாயிற்று.

தாளம் சரியாகவில்லை. இதில்தான் மூன்று வாரம் போனது.

நாலு அட்சரத்துக்கு ஒரு கார்டு, அட்சரத்துக்கு நாலு சுரம். கேட்டால் எங்கோ கால் இடறுகிறது. சுரத்துக்குச் சுரம் இடைவெளியை வைக்கும் டைம் குமிழை 190 மில்லி விநாடியில் கையால் வைத்திருந்தேன். 80 வேகத்தில் அட்சரம் 750, அதில் கால்பங்கு 187.5. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டரை மில்லி விநாடி பிந்திக்கொண்டே போய், பதினாறாவது சுரத்தில் 37-ஐத் தாண்டிவிடும். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று குமிழை வலது சொடுக்கி, பாட்டின் வேகத்தோடு இணைக்கும் டெம்போ சிங்க்கில் பதினாறாம் பங்கைத் தேர்ந்தெடுத்தேன். இடைவெளி துல்லியமாக வந்தது. இடறல் அப்படியே இருந்தது.

சுரம் ஒலிக்கும் நீளத்தை வைக்கும் கேட் 100-லிருந்து 60-க்கு வந்தது. வாத்தியத்தை மாற்றினேன். விசைப்பலகை மேல்கூடப் பழி போட்டேன். அதற்கு அந்தப் பழி தேவைதான். இணையத்தில் 190 ரிங்கிட்டுக்கு வாங்கிய 25 கட்டைப் பெட்டி. நடு ச-வை எப்படித் தடவினாலும் வெலாசிட்டி (அழுத்தத்தின் அளவு) உச்சமான 127 என்றே பதிகிறது. விற்றவருக்கு இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் ஸ்மைலி வந்தது. அடுத்ததை ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய், கடையில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் இடறலுக்கு அது காரணமில்லை. சுட்டியால் வரைந்த சுரங்களும் அதே இடத்தில் நொண்டின.

கண்டுபிடித்தது அத்தையின் கை. இடது கை நெத்திலியில், வலது கை தொடையில். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு. நடுவிரல் முடிந்து துருதத்துக்கு, அதாவது அடுத்த தட்டுக்கு, கை திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் முகம் சுளித்தார். அந்த இடத்தில் என்ன விழுகிறது என்று சுரங்கள் கட்டமாகத் தெரியும் பியானோ ரோலில் எண்ணினேன். ச க ப, ச க ப என்று ஐந்து முறை, பதினைந்து. பதினாறாவது மறுபடி ச. அடுத்த நாலு அட்சரத்துக்கான கார்டு புதிதாகத் தொடங்குவதால் அதுவும் ச. ஆக, ச ச. இரண்டு சட்ஜம் முட்டிக்கொள்கின்றன. பதினாறை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றாம் வகுப்புக் கணக்கு. லாரிக்கு லாரி டன் கணக்குப் பார்க்கிற ஆளுக்கு இது தெரிய மூன்று வாரம்!

ரேஞ்சை, அதாவது ஸ்தாயி எண்ணிக்கையை, 2 ஆக்கினால் ஆறு சுரம். பதினாறில் மீதி நாலு. டைரக்‌ஷனை அப் அண்ட் டவுன், அதாவது ஏறி இறங்கும்படி, ஆக்கினேன். மேல் சுரத்தையும் கீழ்ச் சுரத்தையும் அது இருமுறை வாசிக்காது. ஆகவே ச க ப க, நாலு சுரம், கணக்கு உதைக்கவில்லை. அத்தை இரண்டு ஆவர்த்தனம் கேட்டார். “தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. சாமி தூங்கிவிடும்.”

மேலே மட்டுமே ஏற வேண்டும், நாலு சுரமும் வேண்டும், மோகனத்தை விட்டு வெளியேறவும் கூடாது. பட்டியலில் மேஜர் 7-ஐப் பார்த்தேன், நிஷாதம் வந்துவிடும். அதற்கும் மேலே வெறும் 6 என்று ஒன்று இருந்தது. இத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன். ச க ப த! தைவதத் தடத்துக்கு மைனர் 7: த ச க ப. அதே நாலு சுரங்கள், தொடங்கும் இடம்தான் வேறு. ரிஷபத்துக்கு 7 சஸ் 4: ரி ப த ச. மூன்று தடமும் மோகனத்துக்குள், மூன்றும் நாலு சுரம். ஓடவிட்டேன். நடுவிரல் முடிந்து கை திரும்பியது. அத்தை முகத்தில் ஒன்றுமில்லை, பாட ஆரம்பித்துவிட்டார். அதுதான் பாராட்டு.

பல்லவிதான் முடிந்திருக்கிறது, அனுபல்லவி காலி. அதற்குள் புத்தி வேறு பக்கம் போகிறது. அதே பட்டியலில் மேஜர் பென்டாடோனிக் என்று இருப்பது மோகனத்தின் ஆரோகணமேதான், ஐந்து சுரம். கண்ட நடையில் அட்சரத்துக்கு ஐந்து வேண்டும். 750-ஐ ஐந்தால் வகுத்தால் 150. மீதியே இல்லாத எண்! இன்றிரவு குமிழை 150-ல் வைத்துப் பார்க்க வேண்டும், இடி இடிக்காவிட்டால். போன வாரம் இடியில் சார்ஜர் போய்விட்டதால் வானம் இருண்டாலே எல்லாவற்றையும் பிடுங்கிவைக்கிறேன்.

அதற்கு முன் சுருதி வேலை பாக்கி. நான் அமைத்தது ஒரு கட்டை சுருதியில், அத்தையின் குரலுக்கு ஐந்து கட்டை. நேற்று அவர் எப்படியோ சமாளித்தார். எல்லாத் தடத்தையும் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்த்தும் மாஸ்டர் பிட்ச்சில் 7 ஏற்றினேன், கொசு பாடியது. 5 இறக்கினால் சுருதி அதேதான், கீழ் ஸ்தாயியில் குரலுக்கு அடியில் கம்பளி விரித்த மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன்.