அம்மம்மா ரொம் பக்கம்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டால் எல்லோரும் அதிபரைப் பற்றியும் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றியும்தான் எழுதுவார்கள். போன மலரில் அதுதான் வந்தது, அதற்கு முந்தின மலரிலும் அதுதான், ஆகவே நான் ரொம் என்ற பூனையும் ஜெரி என்ற எலியும் வருகிற ரொம் அன்ட் ஜெரி கார்ட்டூனைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களோடு இலங்கையின் வடக்கே வன்னியில் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள், படிப்பித்த வாத்திமாரில் இரண்டு பேரின் பெயராவது மறந்திருக்கும், அந்தப் பூனையும் எலியும் மறந்திருக்காது.

இங்கே கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். அப்போது வன்னியில் கரண்ட் இல்லை. போர்க்காலம், பொருளாதாரத் தடை. பற்றரி உள்ளே வராது, மண்ணெண்ணெய் யானை விலை குதிரை விலை, செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோவை இயக்கிய காலம். ரிவி பார்க்க வேண்டுமென்றால் ஊரில் யாராவது வீட்டில் கலியாணமோ சாமத்தியச் சடங்கோ நடக்க வேண்டும். ரிவி, வீடியோக் கசற் ஓட்டுகிற டெக், ஜெனரேற்றர் மூன்றும் வாடகைக்கு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கும், முற்றத்தில் பாய் விரியும், முதலில் ஒரு தமிழ்ப் படம். படம் முடிந்த பிறகு கசற்றில் மிஞ்சிய இடத்தில் யாரோ எங்கேயோ பதிந்து விட்ட இரண்டு மூன்று ரொம் அன்ட் ஜெரி இருக்கும். பெரியவர்கள் கொட்டாவி விட்டபடி எழும்பிப் போய்விடுவார்கள். நாங்கள் அந்த முழுப்படத்தையும் பொறுத்துக்கொண்டு இருந்ததே இதற்காகத்தான்.

சத்தம் மட்டும் கேட்காது. வேலிக்கரையில் நின்று ஜெனரேற்றர் அடிக்கும் அடியில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே விளங்காது, போதாக்குறைக்குக் கசற்றும் தேய்ந்து ஒலி இழுபடும். தமிழ்ப் படமென்றால் அது பெரிய குறை, யார் யாரை ஏன் அடிக்கிறான் என்று பாதி விளங்காமலே போய்விடும். ரொம் அன்ட் ஜெரிக்கு அந்தக் குறையே தெரியவில்லை. பூனை துரத்துகிறது, எலி ஓடுகிறது, இஸ்திரிப்பெட்டி விழுகிறது, இதில் வசனம் கேட்டு விளங்க என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் இதை விரும்பிப் பார்த்த ஒரே பெரிய ஆள் அம்மம்மா. பிள்ளைகள் எல்லோரும் ஜெரி பக்கம், அவர் ஒருவர்தான் ரொம் பக்கம். இடம்பெயர்ந்து வந்து போட்ட கொட்டிலின் மூலையில் எங்கள் நெல்லுச் சாக்கு இருந்தது, இரவில் எலி அதைக் கொறிக்கிற சத்தத்தில்தான் நாங்கள் படுத்தோம். அப்படியிருக்க எலி ஜெயிக்கும்போது கைதட்டுகிற எங்களைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கடுவனுக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுத்தா ஏன் உந்த எலியிட்ட அடி வாங்குது" என்று திரையைப் பார்த்து ஏசுவார். ரொம்முக்குச் சட்டி நிறையப் பால் கிடைப்பதை அவர் கவனிக்கவில்லை.

இதன் சரித்திரத்தைக் கனடா வந்த பிறகுதான் தேடி வாசித்தேன். எம்.ஜி.எம். என்ற அமெரிக்கப் பட நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் ஹனாவும் ஜோசப் பார்பெராவும் செய்த முதல் படம் 1940 பெப்ரவரியில் வந்திருக்கிறது. அதில் பூனைக்கு ரொம் என்று பெயர் இல்லை, ஜஸ்பர். பூனையும் எலியும் எத்தனையோ பேர் செய்த கதை, இனி வேறு ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. அப்புறம் டெக்சாசில் இருந்து தியேட்டர்க்காரர் ஒருவர் இன்னும் வருமா என்று கடிதம் போட, படமும் ஒஸ்காருக்குப் பரிந்துரையாக, மேலிடத்தின் மனம் மாறிவிட்டது. புதுப் பெயர் வைக்க ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு போட்டி நடத்தி, வென்ற ஜோன் கார் என்ற ஓவியருக்கு 50 டொலர் கொடுத்தார்களாம். ஹனாவும் பார்பெராவும் செய்து 1958 வரை வெளிவந்தவை 114 படங்கள், கிடைத்த ஒஸ்கார் 7. ரொம் அடிபட்டு அலறுகிற அலறல் ஹனா தன் தொண்டையாலேயே போட்டது. அதையும் நாங்கள் கேட்டதில்லை!

முதல் ஒஸ்கார் 1943இல் வந்த படத்துக்கு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் பூனையும் எலியும் நிலவறையில் போரே நடத்துகின்றன, முட்டைகள் கைக்குண்டாகின்றன, ஜெரி சீஸ் துருவுகிற தகட்டை ஜீப்பாக்கி ஓட்டுகிறது, கடைசியில் ரொக்கற்றில் மாட்டிய ரொம் வானத்தில் வெடித்து அமெரிக்கக் கொடியாக விரிகிறது. எங்கள் கசற்றில் இதுவும் இருந்தது. பள்ளிக்கூட வளவில் பதுங்குகிற பங்கர் வெட்டியிருந்த காலம், கிபிர் குண்டு விமானத்தின் சத்தம் கேட்டால் கொப்பி புத்தகத்தைப் போட்டுவிட்டு இறங்குவோம், இரவில் இதைப் பார்த்து வயிறு நோகச் சிரிப்போம். ரொம் எத்தனை தரம் வெடித்தாலும் அடுத்த காட்சியில் ஒரு கட்டுக்கூட இல்லாமல் எழும்பி வரும். அது எப்படி முடியும் என்று எங்கள் வகுப்பில் சிலர் மறுநாள் வாங்கில் இருந்து வாதாடினார்கள். காயம் ஆற எவ்வளவு நாள் எடுக்கும் என்று அந்த வயதிலேயே தெரிந்தவர்கள்.

2002இல் வன்னிக்கு வருகிற ஏ9 பாதை திறந்த பிறகு எல்லாமே வந்தது, சீடி வந்தது, ஆனால் நாங்கள் அப்போது பெரிய வகுப்பு, கார்ட்டூன் பார்ப்பதை வெளியில் சொல்ல வெட்கம். ஆகவே ரொம் மேடையேறிப் பியானோ வாசிக்கிற படத்தை ரொறன்ரோவில்தான் முதன்முதலாகச் சத்தத்தோடு பார்த்தேன். ரொம் வாசிப்பது லிஸ்ற் என்ற இசையமைப்பாளரின் இரண்டாவது ஹங்கேரிய ரப்சொடி. ஜெரி பியானோவுக்குள் படுத்திருக்கிறது, கட்டைகள் ஏறி இறங்கி அதன் நித்திரையைக் குழப்புகின்றன, பிறகு நடக்கும் சண்டையில் ஒரு அடிகூடத் தாளம் தப்பவில்லை. ஊரில் இதை வெறும் அடிபிடி என்றே நினைத்திருந்தோம். ஸ்கொட் பிராட்லி என்ற இசையமைப்பாளர் அந்த 114இல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் காலடி, வழுக்கல், பயம் என்று ஒவ்வொன்றுக்கும் இசை எழுதியிருக்கிறார், வாய் பேசாத இரண்டுக்கும் பேச்சு அதுதான். வன்னியில் நாங்கள் பார்த்தது பாதிப் படம். அந்தப் பாதியே எங்களை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தது என்றால் வரைந்தவர்களின் கெட்டித்தனத்தை என்ன சொல்ல!

பிறகு வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய படங்களைத் திரும்ப ஓட்டினாலே காசு வருகிறது என்று கண்டு எம்.ஜி.எம். 1957இல் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. அறுபதுகளில் ஜீன் டைச் பிராக் நகரில் 13 செய்தார், அவை ஒருமாதிரி விசித்திரம். சக் ஜோன்ஸ் 34 செய்தார், அழகாக இருக்கும், ஆனால் அந்த வேகம் இல்லை. 1992இல் ஒரு முழுநீளப் படம் எடுத்து இரண்டையும் வாய் திறந்து பேசவும் பாடவும் வைத்தார்கள். அது எடுபடவில்லை, எடுபடாமல் போனது எனக்குச் சந்தோசம்தான்.

சரி, செயற்குழுவுக்கு ஒரு கோரிக்கை. வருகிற ஒன்றுகூடலில் பேச்சாளரில் ஒருவரைக் குறைத்து அந்த நேரத்தில் பியானோ படத்தைப் போடுங்கள், எட்டு நிமிடம்கூட வராது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்குமோ என்ற கவலையும் இதற்கு இல்லை. மண்டபத்து ஸ்பீக்கர் போன வருடம் இரைந்தது, அதைச் சரி பார்க்கிற பொறுப்பை நான் எடுக்கிறேன்.