இமை வீங்கிய கதை: பாம்பன் நாட்குறிப்பு

26 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மேல் இமை இரண்டும் பணியாரம்போல உப்பிச் சிவந்துவிட்டன. சொறிந்தால் எரிகிறது, விட்டால் அரிக்கிறது. நேற்று மத்தியானம் நண்டுக் குழம்பு. அம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்ல அது போதும். சித்தியோ, கல்யாண வீட்டில் எல்லார் கண்ணும் உன்மேல்தான் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். கண்ணேறு படாமலிருக்கத்தானே கண்மையே வைக்கிறோம் என்றேன். பதிலில்லை.

ஞாயிறன்று தங்கச்சிமடம் கல்யாணத்துக்குப் போட்ட பச்சை ஐ ஷேடோவையும் கறுப்பு ஐலைனரையும் யாரும் சந்தேகிக்கவில்லை, நானும்தான். மூன்று வருடமாகப் போடுகிறேனே.

28 ஆகஸ்ட்

ராமநாதபுரத்தில் தோல் மருத்துவரைப் பார்த்தேன். நண்டு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடுமாம். தொடுவதால் வரும் ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். பல வருடம் சும்மா இருந்த பொருளுக்கும் திடீரென வரும். இமைத் தோலின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் என்பதால் முதலில் மாட்டிக்கொள்வது அதுவே. நகப்பூச்சு, தலைச்சாயம், கடலுக்குள் போடும் ரப்பர் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணாடி போட்டுப் பாசி எடுக்க முங்குவது அம்மா. அவள் இமைக்கு ஒன்றும் வந்ததில்லை.

30 ஆகஸ்ட்

களிம்பில் வீக்கம் வடிந்தது. ஐ ஷேடோ, ஐலைனர் அட்டைப்பெட்டிகளின் பொடி எழுத்தை செல்போனில் பெரிதாக்கிப் படித்தேன். 77 என்று தொடங்கும் எண்கள் கனிம நிறமிகள். 77499 கறுப்பு இரும்பு ஆக்சைடு, 77288 பச்சைக் குரோமியம் ஆக்சைடு. பச்சைதான் குற்றவாளி என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

15 செப்டம்பர், திங்கள்

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, மருத்துவமனையில் முதுகு முழுக்கச் சின்னச் சின்ன வில்லைகள் ஒட்டிவிட்டார்கள். ஒன்றில் என் ஐலைனர், ஒன்றில் என் ஐ ஷேடோ, மற்றவற்றில் நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொரு பொருள். 48 மணி நேரம் நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. இந்தப் புழுக்கத்தில்! நாளெல்லாம் கடலில் ஊறுகிற அம்மா, குளிக்காத மகளைத் தள்ளி உட்காரச் சொல்கிறாள்.

17 செப்டம்பர்

வில்லைகளைப் பிரித்தார்கள். ஓரிடத்தில் மட்டும் லேசான சிவப்பு. வெள்ளிக்கிழமை மறுபடி வர வேண்டும். பேனாக் குறி அழியக்கூடாதாம், ஆகவே இன்னும் குளியல் கிடையாது.

19 செப்டம்பர்

நிக்கல் வைத்த இடம் தடித்துக் கொப்புளித்திருக்கிறது. ஐலைனர் வைத்த இடமும் சிவப்பு. குரோமியமும் பச்சை ஐ ஷேடோவும் சுத்தம். பெட்டியில் நிக்கல் என்ற சொல்லே இல்லையே என்றேன். அது சேர்க்கும் பொருளில்லை, இரும்பு ஆக்சைடோடு மாசாக ஒட்டி வரக்கூடியது; ஐலைனரில் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். நிக்கல் கலந்த கவரிங் தோடு போட்டுக் காது புண்ணானதுண்டா என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாதம் நீர் வடிந்தது. உடம்பு அப்போதே பாடம் படித்துவிட்டது போலிருக்கிறது.

விளக்கெண்ணெய் விளக்குக் கரியில் கண்மை செய்து தருகிறேன் என்கிறாள் சித்தி. இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றேன்.

ஊர் திரும்பித் தலை முழுகினேன். ராத்திரி நண்டுக் குழம்பு. அம்மா எதுவும் சொல்லவில்லை. பெரிய கால் இரண்டும் என் தட்டில் விழுந்தன.