இகி பாப்: டிரம்ஸை விட்டு எழுந்து வந்தவர்

சட்டையில்லாமல் மேடையில் உருண்டு புரளும் பாடகராகவே இகி பாப்பைப் பலரும் அறிவார்கள். எளிமையும் ஆவேசமும் நிறைந்த ராக் இசையான பங்க்கிற்கு முன்னோடியான அவர் தொடக்கத்தில் டிரம்ஸ் வாசித்தவர் என்பதை மறந்துவிட்டால், அவருடைய ஆரம்பகால இசை வெறும் கூச்சலாகத்தான் கேட்கும்.

1947-இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த ஜேம்ஸ் ஆஸ்டர்பர்க் (இகி பாப்பின் இயற்பெயர் இதுதான்), இப்சிலாண்டி நகருக்கு அருகே டிரெய்லர் வீடுகள் நிறைந்த குடியிருப்பில் வளர்ந்தார். அந்தக் குறுகிய வீட்டில் டிரம்ஸ் வைக்க இடமில்லாததால், பள்ளி ஆசிரியரான தந்தையும் தாயும் தங்கள் படுக்கையறையையே மகனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். எத்தனை பெற்றோருக்கு அந்த மனம் வரும்! பள்ளிக் காலத்தில் வாசித்த 'இகுவானாஸ்' குழுவின் பெயரே சுருங்கி 'இகி' ஆனது.

பிறகு அதே மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த புளூஸ் இசையை வாசிக்கும் 'பிரைம் மூவர்ஸ்' குழுவில் வாசித்தவர், சிகாகோவுக்குப் போய், சாம் லே போன்ற தேர்ந்த கறுப்பின டிரம்ஸ் கலைஞர்களிடம் பாடம் கேட்டார். அவர்களுக்கு இயல்பாகவே கைவந்த இசையை நகலெடுப்பதில் பொருளில்லை என்று அங்கே உணர்ந்ததுதான், அவர் கற்ற பாடங்களிலேயே பெரியது என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பியவர், 1967-இல் ரான், ஸ்காட் ஆஷ்டன் சகோதரர்களோடும் டேவ் அலெக்ஸாண்டரோடும் சேர்ந்து 'ஸ்டூஜஸ்' குழுவைத் தொடங்கி, ஸ்காட்டுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தாம் மைக்கின் முன் வந்து நின்றார். தொடக்கக் கச்சேரிகளில் எண்ணெய்ப் பீப்பாய்களும் வாக்குவம் கிளீனரும் மிக்ஸியும்கூட இசைக்கருவிகளாயின.

1968-இல் எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்தின் டேனி ஃபீல்ட்ஸ், 'எம்.சி.5' என்ற ராக் குழுவைப் பார்க்க வந்த இடத்தில் இவர்களையும் கண்டார். அவர்களுக்கு 20,000 டாலர், இவர்களுக்கு 5,000 டாலர் என்று ஒப்பந்தம் ஆனது. இசைக்கலைஞர் ஜான் கேல் தயாரித்த ஸ்டூஜஸின் முதல் ஆல்பம் 1969-இல் வெளியானது. அதில் 'ஐ வான்னா பி யுவர் டாக்' பாடலைக் கவனித்துக் கேளுங்கள்: கிட்டார் மூன்றே கார்டுகளில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளில்) சுற்றிச்சுற்றி வர, கேல் ஒரே பியானோ கட்டையை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறார். மெட்டைவிடத் தாளத்தை நம்பியவரின் பாடல் அது.

1970-இல் வந்த 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்துக்கு அனைவரும் ஒரே அறையில், கச்சேரியில் வாசிப்பதுபோலச் சேர்ந்து வாசித்தார்கள். என்னைக் கேட்டால் அவர்களின் உச்சம் அதுதான். ஆனால் விற்பனை சொல்லும்படி இல்லாததால், எலெக்ட்ரா அவர்களைக் கைகழுவிவிட்டது.