எங்கள் வெயிலுக்கும் காட்டுக்கும் ஒரு ஐஃபோன்

ஐஃபோன் 17 வந்த பரபரப்பு அடங்குவதற்குள் அடுத்தது எப்படி இருக்கும் என்று யூடியூப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். மடிக்கிற போன் வரப்போகிறதாம், கேமரா மாறுமாம், திரையின் மேலே இருக்கும் அந்தக் கறுப்பு இடம் சின்னதாகுமாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறேன், எனக்கு இதில் ஆசை ஜாஸ்தி. ஆனால் அந்த வீடியோ எதிலும் கிருஷ்ணகிரி வெயிலைப் பற்றியோ அஞ்செட்டிக் காட்டைப் பற்றியோ யாரும் பேசவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கேட்கிற உரிமை எங்கள் மாவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. ஓசூரை அடுத்த திம்ஜேப்பள்ளி பக்கம் இருக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐஃபோனின் உலோக உடம்பைச் செய்கிறார்கள். 2025-இல் பாகங்களைப் பொருத்திப் போனை முழுதாகச் செய்து முடிக்கும் வேலையும் ஓசூரில் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ராயக்கோட்டை ரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். உள்ளே ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போவதெல்லாம் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பெண்கள். என் அக்கா மகளும் அதில் ஒருத்தி. என்ன வேலை என்று கேட்டால் "பாடி செக்‌ஷன் மாமா" என்பாள், அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். போன பொங்கலுக்கு என் கையிலிருந்த போனை வாங்கித் திருப்பிப் பார்த்தவள், ஓரத்தை விரலால் தடவி, "இந்த வளைவுல ஒரு கீறல் இருந்தாலும் தள்ளிடுவாங்க" என்று சொன்னாள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற பொருள், செய்கிற ஊரிலேயே பாதி நேரம் சரியாக வேலை செய்யாது என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் வெயில். ஆப்பிள் தன் போன்களுக்குக் கொடுக்கும் விவரப் பட்டியலில், சுற்றியுள்ள வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். சித்திரையில் எங்கள் ஊரில் காலை பதினொரு மணிக்கே அந்த 35 தாண்டிவிடும். தர்மபுரிப் பக்கம் 40-ஐத் தொடுகிற நாட்களும் உண்டு. அதுவும் நிழலில் அளப்பது. வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டின போனுக்கு ஏது நிழல்?

எனக்கு வேலை நிமித்தமாக ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கும் போச்சம்பள்ளிச் சந்தைக்கும் பைக்கில்தான் அலைச்சல். மே மாசத்து மத்தியானம் மேப் போட்டுக்கொண்டு கிளம்பினால், கொஞ்ச தூரத்திலேயே திரையின் வெளிச்சம் தானாக இறங்க ஆரம்பிக்கும். நாம் எவ்வளவு கூட்டினாலும் ஏறாது. இன்னும் கொஞ்சம் போனால் சார்ஜ் ஏறுவது நிற்கும். அதற்கும் மேலே போனால் கறுப்புத் திரையில் ஒரு தெர்மாமீட்டர் படம், போன் ஆறினால்தான் பயன்படுத்த முடியும் என்று ஒரு வரி. புளியமரத்து அடியில் வண்டியை நிறுத்தி, போனைக் கவரிலிருந்து உரித்தெடுத்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் அதன் முதுகைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் போன்தான் பிழைப்பு. அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று நினைத்துப் பாருங்கள்.

17 ப்ரோவில் இதற்கு ஒரு நல்ல வழி செய்திருக்கிறார்கள். வேப்பர் சேம்பர் என்று, உள்ளே காற்றுப் புகாமல் அடைத்த மெல்லிய உலோகப் பை, அதில் துளி சுத்தமான தண்ணீர். சிப் சூடாகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி நீராகித் திரும்புகிறது. எடுத்த வெப்பத்தை வெளியே கடத்துவது அலுமினிய உடம்பு. இதற்காகவே ப்ரோவில் டைட்டானியத்தை விட்டுவிட்டு அலுமினியத்துக்கு மாறினார்கள், டைட்டானியம் வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்தாது. ஆனால் சாதா 17-இல் இந்த சேம்பர் இல்லை. லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து ப்ரோ வாங்குகிறவர் அநேகமாகக் காரில் ஏசி போட்டுப் போகிறவர், வெயிலில் நிற்கிறவர் கையில் இருப்பது சாதா மாடல். அடுத்த தலைமுறையில் சாதா மாடலுக்கும் இதைக் கொடுக்க வேண்டும். அந்த 35 என்ற எண்ணை 45 என்று மாற்றி எழுதுகிற துணிச்சலும் வர வேண்டும். திரை வெளிச்சத்தை 3,000 நிட்ஸ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம் என்கிறார்கள், நல்லதுதான், ஆனால் சூட்டில் அதுவே தன்னைக் குறைத்துக்கொண்டால் அந்த 3,000 எனக்கு எந்த வேளைக்கு உதவும்?

கேமராவைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை. இருப்பதே போதும், கல்யாண வீட்டு இருட்டு மண்டபத்தில்கூட நன்றாகவே எடுக்கிறது.

என் பெரிய ஆசை வேறு ஒன்றில் இருக்கிறது. எங்கள் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, அஞ்செட்டி ரோட்டில் காட்டை ஒட்டின கிராமம். வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல் வரும், நிலத்துக்குப் போனால் அதுவும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் ராகி பால் பிடிக்கிற சமயம் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக தளி, ஜவளகிரி காடுகளுக்கு இறங்கும். வருஷா வருஷம் நடப்பது. அந்த மாசங்களில் அப்பா ராத்திரி நிலத்துக் காவல் பரணில்தான் படுப்பார். கையில் டார்ச், ஒரு தகர டின், கம்பளி. காட்டிலாகாக்காரர்கள் எந்தக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள், ஆனால் பரணில் இருக்கிறவருக்கு அது போய்ச் சேராது. விடிந்து வீட்டுக்கு வந்தபிறகு எல்லா மெசேஜும் மொத்தமாக வந்து விழும். கிருஷ்ணகிரியில் படுத்துக்கொண்டு நான் எத்தனையோ ராத்திரி தூங்காமல் புரண்டிருக்கிறேன்.

இதற்கு விடை ஐஃபோனுக்குள் 2022-லிருந்தே இருக்கிறது. ஐஃபோன் 14-இல் சாட்டிலைட் வழியாக அவசரச் செய்தி அனுப்புகிற வசதி வந்தது. டவரே தேவையில்லை. திறந்த வானத்தின் கீழே நின்றால், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போனே காட்டும். சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற குளோபல்ஸ்டார் செயற்கைக்கோளுக்குச் செய்தி போய், அங்கிருந்து மீட்புக்காரர்களுக்குப் போகும். வானம் தெளிவாக இருந்தால் 15 விநாடி, மரம் மறைத்தால் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்று ஆப்பிளே சொல்கிறது. அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி, பிறகு பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பல நாடுகளுக்குப் போய்விட்டது. மலையில் வழி தவறினவர்கள், பனியில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இதனால் பிழைத்து வந்த செய்திகளைப் படிக்கும்போது எனக்கு அப்பாவின் பரண் நினைவுக்கு வரும்.

இந்தியாவில் அது இல்லை. இங்கே வாங்கின போனுக்குள்ளும் அந்தக் கருவி இருக்கிறது, அதே போனை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனால் வேலை செய்யும், அஞ்செட்டிக்குக் கொண்டுவந்தால் செய்யாது. நம் நாட்டில் சாட்டிலைட் தொலைபேசிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். பாதுகாப்புக் காரணம், அதன் நியாயம் எனக்குப் புரிகிறது, மும்பையில் 2008-இல் நடந்த பயங்கரவாதத் தாக்குதலை மறக்க முடியுமா? ஆனால் எஸ்ஓஎஸ் என்கிற இந்த அவசரச் செய்தி யாரோடும் பேசுகிற வசதி இல்லையே. எங்கே இருக்கிறோம், என்ன ஆபத்து என்று மீட்பு மையத்துக்கு மட்டும் போகிற சின்னச் செய்தி. 2025 ஜூனில் சாட்டிலைட் வழியாக இன்டர்நெட் கொடுக்கிற ஸ்டார்லிங்குக்கே உரிமம் கொடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க 112-க்குப் போகிற ஓர் அவசரச் செய்திக்கு வழி திறக்க அரசும் ஆப்பிளும் உட்கார்ந்து பேசினால் முடியாதா? அடுத்த ஐஃபோன் இந்தியாவில் வெளியாகிற அன்றைக்கு மேடையில் இந்த ஒரு அறிவிப்பு வந்தால் போதும், மீதி எது வராவிட்டாலும் நான் கைதட்டுவேன். அஞ்செட்டி, நாட்ரம்பாளையம், உரிகம், அந்தப் பக்கம் சித்தேரி மலை, வத்தல்மலை என்று இரண்டு மாவட்டத்திலும் எத்தனை ஊர்களுக்கு இது உயிர் விஷயம். பாம்பு கடித்தால், பிரசவ வலி வந்தால், சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடுகிற வேலை மிச்சமாகும்.

அப்படி வரும்போது அது தமிழில் வர வேண்டும். அந்த எஸ்ஓஎஸ் திரை முதலில் சில கேள்விகள் கேட்கும்: வண்டிக் கோளாறா, நோயா காயமா, குற்றமா, வழி தவறிவிட்டதா, தீயா என்று. தொட்டால் போதும், டைப் அடிக்க வேண்டாம். நல்ல யோசனை. ஆங்கிலம் தெரியாதவருக்கும் அவசரத்தில் புரிகிற மாதிரி அது தமிழில் இருக்க வேண்டும், அந்த வரிசையில் காட்டு விலங்கு என்று ஒரு பொத்தானும் சேர வேண்டும். ஆப்பிள் தமிழைக் கண்டுகொள்ளவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2025 மார்ச்சில் வந்த, ஐஃபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 18.4-இல் போன் முழுவதையும் தமிழில் மாற்றிக்கொள்ள வழி வந்துவிட்டது, வந்த வாரமே நான் மாற்றிவிட்டேன், இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது. ஆனால் இவர்கள் பெரிதாகப் பேசுகிற ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் இருக்கிறதே, மெசேஜைச் சுருக்கித் தருவது, எழுதினதைச் சீர் செய்வது, அதில் தமிழ் இல்லை. வியட்நாம் மொழி, துருக்கி மொழி எல்லாம் உள்ளே போய்விட்டன. கிட்டத்தட்ட எட்டுக் கோடிப் பேர் பேசுகிற மொழி, அந்த போனைச் செய்கிற பெண்கள் பேசுகிற மொழி, அடுத்த முறையாவது உள்ளே வர வேண்டும். ஓசூர்ச் சந்தையில் ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரும். அதைக் காதில் வாங்கிப் புரிந்துகொள்கிற போன் வந்தால் இன்னும் சந்தோஷம்.

சரி, விலை. "இங்கேயே செய்கிறார்களே, ஏன் விலை குறையவில்லை?" என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். 256 ஜிபி சாதா 17-க்கு இங்கே வைத்த விலை 82,900 ரூபாய். அமெரிக்காவில் 799 டாலர், அது விற்பனை வரி சேர்க்காத விலை. அது வந்த சமயம் டாலர் 88 ரூபாய் பக்கம் இருந்தது, பெருக்கினால் 70,300 சொச்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் கிட்டத்தட்ட அதே 82,900 வந்து நிற்கிறது. ஆக நமக்குக் கூடுதலாகத் தெரிவது வரிதான். 2020 ஏப்ரலுக்கு முன்னால் போனுக்கு 12 சதவீதம்தான் இருந்தது. 2025 செப்டம்பரில் பெரிய டிவி, ஏசிக்கெல்லாம் 28-லிருந்து 18-க்குக் குறைத்தார்கள், போனைத் தொடவில்லை. பழைய 12-க்கே திரும்பினால் இந்தப் போனில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அக்கா மகள் மாதிரி மாதச் சம்பளக்காரப் பெண்ணுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அப்புறம் ரிப்பேர். 16-இல் பேட்டரியின் பசையை லேசான மின்சாரம் கொடுத்தால் தானாக விடுகிற மாதிரி செய்தார்கள், உள்ளூர்க் கடைக்காரர் திருகி நெம்பி உடைக்கிற பயம் குறைந்தது. இதே வழியில் மேலே போக வேண்டும். அசல் உதிரி பாகங்கள் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் இருக்கிற சின்னக் கடைக்கும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். பெங்களூரு ஹெப்பாலில் 2025-இல் ஆப்பிளின் சொந்தக் கடை திறந்தார்கள், அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு பேட்டரி மாற்ற நாங்கள் மாநில எல்லை தாண்டி, அந்த நெரிசலில் ஊரின் மறுகோடி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலி போய்விடும்.

என் கையில் இருப்பது 13. பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்தது வரும்வரை ஓட்டுவதாக இருக்கிறேன். சாட்டிலைட் மட்டும் இந்தியாவுக்குத் திறந்துவிட்டார்கள் என்றால் புதுசுக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன், அன்றைக்கே பழைய 14 ஒன்று வாங்கித் தமிழில் மாற்றி, அப்பா பரணுக்குப் போகும்போது டார்ச்சோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.