லெம்பே கருமணல்: நாட்குறிப்பு

ஜூலை 18, கோவை

இந்தோனேசியாவின் லெம்பே நீரிணைக்கு மக் டைவிங் போகிறோம்: கடலடி மணலில் ஒளிந்திருக்கும் சின்ன உயிர்களைத் தேடி இறங்குவது. அதற்குக் கையில் ஒரு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டும்: 30 செ.மீ. நீளம், 6 மி.மீ. கனம். கணபதி பக்கம் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். ஒரு முனையை மழுக்கி, மறுமுனையில் கயிறு கோக்க 3 மி.மீ. துளை போட்டால் போதும். "ஏனுங்க, 304 பத்தாதுங்களா?" என்று கேட்பார்கள். பத்தாது. உப்புத்தண்ணீரில் 304 புள்ளி புள்ளியாக அரிக்கும். 316-ல் மாலிப்டினம் இருப்பதால் தாங்கும். நீரோட்டம் தள்ளும்போது வெறும் மணலில் ஊன்றி நிற்க மட்டும்தான் இந்தக் கம்பி. அதால் உயிர்களைத் தட்டி நகர்த்துகிறவர்கள் கடலுக்குள் இறங்காமலே இருக்கலாம்.

நம் ஊரில் பம்ப்செட் பிரித்துப் பழகிய எல்லோருக்கும் ஓ-ரிங் என்கிற கசிவு தடுக்கும் வளையம் தெரியும். ஆனால் கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் பெட்டியான ஹவுசிங்கில் அந்தக் கைப்பழக்கம் ஆகாது. அளவு ஒத்துப்போகிறதென்று கடையில் கிடைக்கும் ரிங்கைப் போடக்கூடாது. கடினம் மாறினால் கசியும். சிலிக்கான் ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் பட்டால் ரிங் ஊதிப்போகும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸையே தடவ வேண்டும், அதுவும் ரிங் பளபளக்கிற அளவுக்கு மட்டும். அப்பிவிட்டால் மணலும் முடியும் ஒட்டும். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

ஜூலை 21, கோவை, நீச்சல் குளம்

உடம்பு மிதந்து எழாமல் இருக்கக் கட்டும் ஈயம், குளத்தில் சரிபார்த்த அளவிலேயே கடலுக்குக் காணாது. உப்புநீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் இரண்டரை கிலோ சேர்க்க வேண்டும்.

பயிற்சி எளிது, பழகத்தான் நாளாகும். குளத்தின் தரையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டு, முழங்காலை மடித்து, காலில் மாட்டிய ஃபின்னை மேலே தூக்கி, நாணயத்துக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்து ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். கை ஆடக்கூடாது, மூச்சிலேயே உயரம் நிற்க வேண்டும். பிறகு திரும்பாமல் பின்னோக்கி நீந்தி விலக வேண்டும். இது வராதவர்கள் படம் எடுத்துவிட்டு அங்கேயே திரும்புவார்கள். அந்த ஒரு உதையில் எழும்பும் மண், அடுத்து காத்திருப்பவரின் முறையைக் கெடுத்துவிடும்.

ஜூலை 27, வழியில்

கோவை, சிங்கப்பூர், மனாடோ. அங்கிருந்து காரில் பித்துங், பிறகு படகு. விசா மனாடோவில் இறங்கியதும், 5,00,000 ருபியா. லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில். மெல்லிய இரட்டை முள் பிளக் அங்கே சேரும், மூன்று முள் சேராது. 2024 ஏப்ரலில் ருவாங் எரிமலை வெடித்து மனாடோ விமான நிலையத்தையே மூடினார்கள். திரும்பும் டிக்கெட்டுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் இடையில் ஒரு நாள் விடுவது நல்லது.

ஜூலை 28, லெம்பே

சுலவேசிக்கும் லெம்பே தீவுக்கும் நடுவில் ஓரிரு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நீரிணை. அடியில் எரிமலை மணல், உடுமலைக் கரிசக்காடு மாதிரி கறுப்பு. தண்ணீர் இப்போது 26 டிகிரி. ஒரு மணிநேரம் அசையாமல் கிடப்பதால் 5 மி.மீ. வெட்சூட்டிலும் குளிர்கிறது, உள்ளே ஒரு தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும்.

ரிசார்ட்டில் நாளுக்கு மூன்று டைவ், வேண்டுமானால் இரவிலும் ஒன்று. இடங்கள் எல்லாம் படகில் சில நிமிடத் தூரம்தான். நைட்ராக்ஸ் 32, அதாவது ஆக்சிஜன் 32 சதவீதம் உள்ள காற்று, கேட்டு வாங்கலாம். ஆனால் டேங்க்கை அளக்கும் முன் ஆக்சிஜன் மீட்டரை வெறுங்காற்றில் 20.9-க்கு வைக்க வேண்டும், எண்ணைத் தானே பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். 32-க்கு ஆழ வரம்பு சுமார் 33 மீட்டர். இங்கே பெரும்பாலும் 20-க்குள் முடிந்துவிடும்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். தினுத்துவான் என்று பூசணி, கீரை போட்டுக் குழைய வைத்த அரிசிக்கஞ்சி காலையில் கிடைக்கிறது, வயிற்றுக்கு இதம். மீன் சேர்க்காமல் கேட்டு வாங்கவும்.

ஜூலை 29

பொள்ளாச்சிக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய உயிர் ஒன்று உண்டு. தேங்காய் ஆக்டோபஸ் இரண்டு அரைக் கொட்டாங்குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, உடம்புக்கடியில் அணைத்து, கைகளை விறைப்பாக ஊன்றி நடக்கிறது. ஆபத்து என்றால் ஒன்றுக்குள் உட்கார்ந்து இன்னொன்றை மூடிக்கொள்கிறது. முதுகெலும்பில்லாத உயிர் கருவியைக் கையாளுகிறது என்று 2009-ல் ஆய்வாக வெளியானது இதைத்தான். வடக்கு சுலவேசியிலும் பாலியிலும் பார்த்துப் பதிந்தார்கள். எனவே இங்கே கிடக்கும் பாட்டில், தகரம் எதையும் குப்பை என்று பொறுக்கக்கூடாது. உள்ளே ஒருவர் குடியிருக்கலாம், சில சமயம் முட்டையோடு.

முடி அடர்ந்த தவளைமீன் நெற்றித் தூண்டிலைப் புழுப்போல நெளிக்கிறது. இரை நெருங்கியதும் விழுங்க எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் அதைப் பிடிக்காது. தூண்டில் ஆடத் தொடங்கியதும் தொடர் படமாக எடுத்தால்தான் கிடைக்கும்.

ஜூலை 31

ஹவுசிங்கை ஏசி அறைக்குள்ளேயே மூட வேண்டும். அங்கே காற்று வறண்டிருக்கும். படகில் ஈரக்காற்றில் திறந்து மூடினால், தண்ணீரில் இறங்கியதும் அந்த ஈரம் உள்ளே கண்ணாடியில் படியும். கேமராவுக்கு 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப் 22, 1/200, ஐஎஸ்ஓ 100: பின்னணி தானாகக் கறுத்துவிடும். அந்தி மங்கியதும் மாண்டரின் மீன் ஜோடி சேர வெளியே வரும்; சிவப்பு விளக்கு மட்டும் போடவும், வெள்ளை வெளிச்சத்துக்கு ஒளிந்துகொள்ளும்.

இரண்டு செ.மீ. கூட இல்லாத பொன்டோஹி கடல்குதிரைக்கு, 2008-ல், ஹென்ஸ் பொன்டோ என்கிற இந்தப் பகுதி டைவ் கைடின் பெயரை வைத்தார்கள். அதை இந்த ஊர் கைடுகளின் கண்ணுக்குக் கிடைத்த மரியாதையாகவே பார்க்கிறோம். கைடு கம்பியால் காட்டும் இடத்துக்குப் பாயாமல், ஒரு மீட்டர் தள்ளி நின்று முதலில் உருவத்தைக் கண்ணால் பிரித்துப் பார்த்துவிட்டு நெருங்குவதே சரி.

ஆகஸ்ட் 2

இங்கே மண்டியிடக் கூடாது. மணலுக்குள் கல்மீனும் தேள்மீனும் புதைந்திருக்கும். குத்திவிட்டால் 45 டிகிரிக்கு மிகாத சுடுநீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். குத்திய இடத்தில் சூட்டை உணர முடியாது, அதனால் குத்தாத கையால் தொட்டுப் பார்த்து முக்கவும். நீலவளைய ஆக்டோபஸுக்கு மாற்று மருந்தே கிடையாது. கடி வாங்கியவர் மூச்சு நின்றால் ஆஸ்பத்திரி வரை செயற்கை மூச்சுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

ஆகஸ்ட் 3

நாளை விமானம். பல நாள் டைவ் செய்த உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகாமல் இருக்க, பறக்கும் முன் குறைந்தது 18 மணிநேர இடைவெளி வேண்டும். 24 விடுவது இன்னும் நல்லது. டைவ் இல்லாத நாள் வீணாகிறதே என்று தொமொஹோன் மலைப்பக்கம் கார் எடுக்க வேண்டாம், உயரம் ஏறினாலும் அதே தொல்லைதான். கடல் மட்டத்தையொட்டிய தங்கோகோ காட்டில் கறுப்புக் குரங்குகளையும் டார்சியர் என்கிற பெருங்கண் சின்ன விலங்கையும் பார்க்கலாம். வெட்சூட்டை அந்த நேரத்தில் நிழலில் உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போடவும்.