யாசுகே: ஆறே எபிசோட், அறுபது சமாச்சாரம்

நேத்து ராத்திரி ஒரே மூச்சுல 'யாசுகே' பார்த்து முடிச்சேன். 2021ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த அனிமே, மாப்பா ஸ்டூடியோ பண்ணது.

ஆப்பிரிக்காவுல இருந்து ஜப்பான் போய் ஓடா நொபுநாகாங்கிற போர்த் தலைவர்கிட்ட சேவகம் பண்ண நிஜ மனுஷன் யாசுகே. 1582ல ஹொன்னோஜி கோயில்ல நொபுநாகா கதை முடியுது. அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு, பழசை மறக்கக் குடிச்சுக்கிட்டு படகு ஓட்டுற யாசுகேவைக் காட்டுறாங்க பாருங்க, அங்கதான் இந்த சீரிஸோட உயிர் இருக்கு. நொபுநாகாவோட அவர் இருக்கிற ஃபிளாஷ்பேக்கை மட்டும் வெச்சே முழு சீசன் எடுத்திருக்கலாம்.

எங்க விட்டாங்க! ரோபோ, கரடியா மாறுற ரஷ்யப் பொம்பள, மந்திர சக்தியுள்ள சின்னப் பொண்ணு சாகி, வில்லன் பாதிரியார்னு எல்லாத்தையும் ஒரே பானையில போட்டுக் கிண்டிட்டாங்க. பாதிரியார் பாதி வழியிலயே காலி, உடனே புது வில்லி. யாரோடயும் நமக்கு ஒட்டவே நேரமில்ல. கடைசிச் சண்டையில பாரம் முழுக்க சாகி தலையில.

வாள் சண்டையெல்லாம் வெண்ணெய் மாதிரி. ஃப்ளையிங் லோட்டஸ் இசைக்காக ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுப் பாருங்க. அந்த ரோபோவை மட்டும் எனக்குப் பிடிச்சுப் போச்சு, காரணம் கேக்காதீங்க.