தைத்து முடித்த சேலை

திருமண நாளுக்கு மனைவிக்குத் தெரியாமல் ஒரு பட்டுச்சேலை வாங்கி வந்து மேசைமேல் வைப்பதைப் பெரிய சர்ப்ரைஸ் என்று பல கணவர்கள் நினைக்கிறார்கள். அந்தச் சேலையை அன்று மாலை அவர் கட்ட முடியாது. கீழ்க்கரையின் உட்புறம் ஃபால்ஸ் பட்டை தைக்கணும், முந்தானை ஓரம் அடிக்கணும், ரவிக்கைத் துணியை வெட்டித் தையற்கடையில் கொடுக்கணும், பிறகு போய் வாங்கணும். சனிக்கிழமை மாலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றியவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும். கொடுத்தவருக்குப் பெருமை, வாங்கியவருக்கு அலைச்சல். எதைக் கொடுத்தாலும் அதன் கடைசி வேலைவரை கொடுப்பவரே முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கடைசி வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேலையிலிருந்தே தொடங்கலாம். அலமாரியிலிருந்து ஓர் அளவு ரவிக்கையை எடுக்க வேண்டும். கல்யாணத்துக்குத் தைத்ததைத் தொடாதீர்கள். கடந்த ஓராண்டுக்குள் ஏதாவது விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போய், முனகாமல் வீடு திரும்பிய ரவிக்கை எதுவோ அதுதான் சரியான அளவு. இரண்டு பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் பிரித்துக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. ஐந்தரை மீட்டர் சேலையோடு ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் வரும். முழங்கைவரை நீளும் கை வைக்க அது பற்றாமல் போகலாம், முதலிலேயே தையற்காரரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஃபால்ஸ் பருத்தித் துணியாக இருந்தால், நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே தைக்க வேண்டும். அப்படியே தைத்தால் முதல் சலவையில் சுருங்கிச் சேலைக் கரையையும் இழுத்து நெளிய வைக்கும். ரவிக்கை லைனிங்குக்கும் இதே கதைதான். அவசரத்தில் கடைக்காரர்கள் விட்டுவிடுகிற வேலை இது, நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தீபாவளி நெருங்கினால் நல்ல தையற்கடைகள் புது வேலையே எடுக்காது. அந்த மாதங்களில் திருமண நாள் வருகிறவர்கள் சேலையை மிக முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது வளையல். மஸ்ஜித் இந்தியா பக்கம் நகைக்கடையில் நின்று, "இதோ இந்த அளவுக்கு" என்று விரல்களை வட்டமாகப் பிடித்துக் காட்டும் ஆண்களைப் பார்க்கலாம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே 2.4, 2.6, 2.8 என்று மூன்றை எடுத்து வைப்பார். இந்த எண்களில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, பதினாறில் ஒரு பங்கு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கும், அதாவது உள்விட்டம் 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அந்த 3 மில்லிமீட்டரில்தான் வளையல் விரல் முட்டியில் சிக்குவதும் கையிலிருந்து நழுவுவதும் இருக்கிறது. வீட்டில் ஸ்கேலை வைத்து 61 மில்லிமீட்டர் என்று அளந்து, அதை அங்குலமாக்கி 2.4 என்று கேட்டு வாங்கினால், வருவது ஓர் அளவு சிறியதாக இருக்கும்.

அளக்கவேண்டியது அவர் தினமும் போடும் வளையலை. பெட்டியில் கிடப்பது எந்தக் காலத்து அளவோ! தங்க வளையல் போடப்போட நீள்வட்டமாக நெளியும், ஆகவே மூன்று திசைகளில் உள்விட்டம் அளந்து சராசரி எடுங்கள். திருகு வைத்துத் திறக்கிற வளையல் முட்டியைத் தாண்ட வேண்டியதில்லை, மணிக்கட்டோடு படிந்திருக்க ஓர் அளவு குறைவாகவும் வாங்கலாம். கெட்டி வளையலில் அந்தத் துணிச்சல் வேண்டாம். 916 முத்திரை என்றால் 91.6 விழுக்காடு தங்கம், 22 காரட். எடையோடு செய்கூலியும் சேரும், அது கடைக்குக் கடை மாறும் என்பதால் கிராம் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடை கழிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அளவு சரியில்லாவிட்டால் எத்தனை நாளுக்குள், என்ன கழிவோடு மாற்றித் தருவார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் அந்தக் கூச்சத்துக்கும் ஒரு விலை உண்டு.

மோதிரம் இன்னும் சுலபம். சாதாரணப் பட்டை மோதிரத்தை ஓரிரு அளவு பெரிதாக்கித் தருவார்கள். சுற்றிலும் கல் பதித்ததை மட்டும் தொட முடியாது, அதைச் சர்ப்ரைஸாக வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். கணவருக்குக் கடிகார வார் வாங்கும் மனைவிமார்கள், வார் கடிகாரத்தோடு சேரும் இடத்தில் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் போதும்: 18, 20, 22 மில்லிமீட்டர்தான் அதிகம் புழங்குபவை.

ரகசியம் உடைவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். ஆன்லைனில் வாங்கிய பார்சலை வீட்டு முகவரிக்கு வரவழைத்தால், காண்டோ அடுக்குமாடியின் காவலர் அதை முதலில் வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். அலுவலக முகவரி போடுங்கள். இருவரும் பார்க்கிற வங்கிக் கணக்கில் நகைக்கடைப் பெயர் விழுந்தாலும் கதை முடிந்தது.

நாள்காட்டியைப் பார்ப்பதும் பரிசில் பாதி. புரட்டாசி மாதம், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, நம் வீடுகளில் சைவம். அந்த நாளில் கடலுணவு விருந்துக்கு மேசை பிடித்து வைத்தால் அவர் ரசம் சோற்றை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தைப்பூச விரதம், சஷ்டி, வெள்ளி செவ்வாய்க் கணக்கு எல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதை வருடத் தொடக்கத்திலேயே உங்கள் கைப்பேசியில் குறித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வேலைக்குப் போகிறவராக இருந்தால் ஷிப்ட் அட்டவணையும் அதே இடத்தில் இருக்கட்டும்.

பினாங்குக்கு ஒரு சனி ஞாயிறு கூட்டிப்போகும் யோசனை நல்லதுதான். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஈடிஎஸ் என்ற மின்சார ரயிலில் பட்டர்வொர்த் சுமார் நான்கு மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய் ஃபெர்ரி ஏறலாம். பள்ளி விடுமுறையில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். 1923இல் ஓடத் தொடங்கிய பினாங்கு மலை ரயிலுக்கு வார இறுதியில் வரிசை நீளும், காலையில் முதல் வண்டிகளிலேயே ஏறப் பாருங்கள். ஆனால் பயணத்தைக் கெடுப்பது டிக்கெட் அல்ல, பை. "கிளம்பு, சர்ப்ரைஸ்!" என்று அரை மணி நேரம் கொடுத்தால் அந்த அரை மணி முழுவதும் அவர் பிள்ளைகளின் பையையும் அடுப்படியையும்தான் பார்ப்பார். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட ஏற்பாடு, அவருடைய தினசரி மாத்திரை, நடக்கத் தோதான செருப்பு, சார்ஜர், மலைமேல் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய சால்வை, இவ்வளவும் நீங்கள் எடுத்து வைத்த பிறகு சொல்லுங்கள். எங்கே போகிறோம் என்பதை மறைக்கலாம். எத்தனை நாள், எந்த மாதிரி உடை என்பதை மறைக்கக் கூடாது.

வருடத்துக்கு ஒரு நாள் செய்வதைவிடத் தினமும் செய்வதில்தான் நுணுக்கம் அதிகம். அவர் ஓட்டும் காரின் டயர் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான அளவு கிலோபாஸ்கலில் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்து பெட்ரோல் நிலையத்திலேயே, டயர் சூடேறும் முன்னால் அளக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓடிவந்து அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். மழைக்காலத்தில் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டதா என்றும் குனிந்து பாருங்கள்.

பூ விஷயத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை பூ வாங்குகிற கணவர்கள் பலர், வாங்கியபின் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். மல்லிகை மாலையில் விரியும் பூ. ஆகவே பகலில் வாங்கினால் இறுகிய மொட்டாகப் பார்த்து வாங்குங்கள், மதியமே விரிந்திருந்தால் அது நேற்றைய சரக்காக இருக்கலாம். கேஎல் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே துவண்டுவிடும், அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள். சரத்தின்மேல் நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள், இதழ் பழுப்பாகும். ஈரத்துணியைப் பிழிந்து சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிளோ பப்பாளியோ வேண்டாம், பழுக்கும் பழம் விடும் வாயு பூவை வாடவைக்கும். மூடாத மீன் குழம்பும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

பால்கனியில் நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழுந்தால் 12 அங்குலத் தொட்டியில் குண்டுமல்லி வைக்கலாம். புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும், அதனால் ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். இலை பச்சைப்பசேல் என்று மண்டி மொட்டே இல்லை என்றால் தழைச்சத்து உரம் கூடிவிட்டது அல்லது வெயில் போதவில்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரி வந்து, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதத் தாள் நீட்டும்போது, மனைவிக்காக வளர்த்த மல்லி என்று சொன்னால் கேட்கமாட்டார்.